கருவிழியின் மேல் ஒரு மெல்லிய வில்லை
ஏலமலைச் சரிவில் வாழ்வோர் காண்டாக்ட் லென்ஸ் பற்றி அறிய வேண்டியவை

மூக்குக் கண்ணாடியை விடுத்துக் காண்டாக்ட் லென்ஸ் அணியலாமா என்ற கேள்வியுடன் கண் மருத்துவரை நாடுவோர் பலதரப்பட்டவர்கள். கல்லூரி மாணவர்கள் உண்டு. திருமணம் நிச்சயிக்கப்பட்ட பெண்களும் அவர்களுடைய தாய்மார்களும் உண்டு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இருசக்கர வாகனத்தில் கடந்து வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் உண்டு. மலைமேல் மேகம் இறங்கும் மாதங்களில் கண்ணாடியில் ஈரம் படிந்து பாதையே மறைந்துவிடுகிறது என்று அவர்கள் கூறுவது உண்மையே. கண்ணாடி அணிந்தும் தெளிவான பார்வை கிடைக்காத சிலருக்கோ, லென்ஸ் ஒன்றே நல்ல பார்வை தரும் வழியாக அமைகிறது.

லென்ஸ் நல்லதொரு கருவி. முறையாகத் தேர்ந்து, முறையாக அணிந்து, முறையாகப் பேணினால் பல ஆண்டுகள் தீங்கின்றிப் பயன்படும். எனினும் போடிநாயக்கனூரிலும் அதைச் சூழ்ந்த ஏலத்தோட்டங்களிலும் வாழ்வோர் நகரவாசிகளைவிடச் சற்றுக் கூடுதலான எச்சரிக்கையுடன் அதை அணுக வேண்டும். அதற்கான காரணத்தையும், கடைப்பிடிக்க வேண்டிய முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருவிழி மூச்சு விடும் முறை

கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேல் பதிக்கப்பட்ட கண்ணாடி போல் அமைந்துள்ள ஒளிபுகும் பகுதியே கருவிழி. நாம் கறுப்பாகக் காண்பது அதன் பின்னால் உள்ள திரையின் நிறமே. கருவிழிக்கென்று நிறம் இல்லை. நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் கிடையா. இரத்தக் குழாய்கள் இருந்தால் ஒளி தடையின்றி உள்ளே செல்ல இயலாது. ஆகவே, உடலின் பிற உறுப்புகள் இரத்தத்திலிருந்து பெறும் பிராணவாயுவைக் கருவிழி பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தின் வழியாகவே பெறுகிறது.

இக்கண்ணீர்ப் படலத்தின் மேல்தான் லென்ஸ் மிதக்கிறது. காற்றுக்கும் கருவிழிக்கும் இடையே அது ஒரு திரையாக அமைவதால், பிராணவாயு ஓரளவு குறையும். விழித்திருக்கும்போது இமைகள் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் சற்றே அசைய, புதிய கண்ணீர் உள்ளே புகுந்து அக்குறையை ஈடு செய்கிறது. உறங்கும்போது இமையும் மூடியிருக்க, லென்ஸும் மூடியிருந்தால், கருவிழி இரட்டைக் கதவுக்குள் அடைபடுகிறது. அதன் மேல்தோல் வலுவிழந்து, நுண்ணுயிர்கள் நுழைய வழி ஏற்படுகிறது. லென்ஸுடன் உறங்குவோருக்குக் கருவிழியில் தொற்று ஏற்படும் அபாயம் 6 முதல் 8 மடங்கு வரை உயர்கிறது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது.

வில்லை வந்த வழி

கண்ணின் மேலேயே ஒரு வில்லையைப் பொருத்தும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1888இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணியாற்றிய அடால்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர், கண்ணாடியால் செய்த லென்ஸ்களைப் பற்றி எழுதினார். அவை கனமானவை, சில மணி நேரத்துக்கு மேல் அணிய இயலாதவை. இன்று பெரும்பாலோர் அணியும் மென்மையான லென்ஸுக்கு வழி வகுத்தவர் செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், சிறுவர்களின் விளையாட்டுக் கருவிப் பாகங்களைக் கொண்டு தம் வீட்டுச் சமையலறை மேசையில் அவர் அமைத்த சிறு இயந்திரத்திலிருந்து முதல் மென் லென்ஸ்கள் உருவாயின. 1971இல் அமெரிக்க அரசு அவற்றின் விற்பனைக்கு ஒப்புதல் வழங்கியது. பிராணவாயுவை மிகுதியாகக் கடத்தும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் 1990களின் இறுதியில் விற்பனைக்கு வந்தன.

பொருள்கள் மேம்பட்டிருப்பினும், லென்ஸால் விளையும் தொற்று முற்றாக நீங்கிவிடவில்லை. அணிபவரின் கையும், அவர் பயன்படுத்தும் நீரும், லென்ஸை இட்டு வைக்கும் டப்பாவுமே இன்றும் தொற்றின் வாயில்களாக உள்ளன.

நம் மண்ணில் கூடுதல் எச்சரிக்கை ஏன்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1994ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை முறையாக ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்குப் புண் தோன்றுமுன் கண்ணில் சிறு காயம் பட்டிருந்தது. பெரும்பாலும் வயல் வேலையின்போது பட்ட காயம் அது. புண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளில் நுண்ணுயிர் வளர்ந்தவற்றுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் பூஞ்சையும், ஏறத்தாழ அதே அளவில் பாக்டீரியாவும் காணப்பட்டன. பூஞ்சைகளுள் முதலிடம் பெற்றது பியூசேரியம்.

இப்பெயர் ஏலத்தோட்டக்காரர்களுக்குப் புதிதாயிராது. ஏலச்செடியின் வேரையும் தண்டையும் அழுகச் செய்து, இலையை மஞ்சளாக்கும் நோய்க்குக் காரணம் இதே பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சைதான். வகைகள் வேறுபடலாம், ஆயினும் மண்ணிலும் மட்கிய இலையிலும் செடியிலும் இப்பேரினம் எங்கும் பரவி வாழ்கிறது. செடிகளுக்கிடையே குனிந்து காய் எடுக்கும்போது இலை நுனி கண்ணில் கீறினால், அக்கீறலின் வழியே பூஞ்சை உட்புகக்கூடும்.

இதே பியூசேரியம் 2006இல் லென்ஸ் அணிவோரிடையேயும் பெருந்துன்பம் விளைவித்தது. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் முதலில் கவனிக்கப்பட்டு, பின்னர் அமெரிக்காவிலும் பரவலாகக் காணப்பட்ட இத்தொற்றில், அமெரிக்காவில் மட்டும் 164 பேர் பாதிக்கப்பட்டது உறுதி செய்யப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குறிப்பிட்ட ஒரு வகை லென்ஸ் கரைசலுடன் இத்தொற்று தொடர்புபட்டிருந்ததால், அக்கரைசல் அவ்வாண்டு மே மாதத்தில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அணிவோரின் பழக்கம் ஒன்றும் ஆய்வில் வெளிப்பட்டது: டப்பாவில் இருந்த பழைய கரைசலைக் கொட்டாமல், அதையே மீண்டும் பயன்படுத்தியோருக்குத் தொற்று அதிகம் ஏற்பட்டிருந்தது.

மண்ணிலும் இலையிலும் பூஞ்சை மிகுந்த ஊரில் லென்ஸ் அணியும் ஒருவருக்கு, தோட்ட வேலையின் அபாயமும் லென்ஸின் அபாயமும் ஒரே கண்ணில் வந்து சேர்கின்றன. பூஞ்சைப் புண் மெல்லப் பரவும்; ஆற நெடுநாளாகும்; ஆறிய பின்னும் வெள்ளைத் தழும்பு தங்கிப் பார்வையை மறைக்கும். மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு, இப்பூஞ்சைக்கு நாட்டாமைசின் என்னும் சொட்டு மருந்தே சிறந்தது என்று நிறுவியது. மருந்து இருக்கிறது என்பது ஆறுதலே. எனினும் அது தொடக்கத்திலேயே கிடைத்தால்தான் முழுப்பயன் தரும்.

யாருக்கு எந்த லென்ஸ்?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை ஆகிய மூன்று குறைகளுக்கும் லென்ஸ் உண்டு. இரு கண்களின் பவரிலும் பெரும் வேறுபாடு உள்ளவர்களுக்குக் கண்ணாடியைவிட லென்ஸ் கூடுதல் வசதி தரும்.

மென் லென்ஸ்: ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. விரைவில் பழகிவிடும். ஒருநாள் மட்டும் அணிந்து எறிவது, இரு வாரங்கள் வரை அணிவது, ஒரு மாதம் வரை அணிவது எனப் பல வகைகள் உள்ளன. கரைசலும் டப்பாவும் தேவைப்படாத ஒருநாள் லென்ஸே தொற்றைத் தவிர்க்க எளிய வழி. எப்போதாவது மட்டும் அணிவோருக்கு அது செலவிலும் கட்டுப்படியாகும்.

காற்றுப் புகும் கடின லென்ஸ்: அளவில் சிறியது; கருவிழியைவிடக் குறுகிய விட்டம் உடையது. பழகச் சில வாரங்கள் ஆகும். கெரட்டோகோனஸ் என்னும் குறையுள்ளவர்களுக்குப் பெரிதும் உதவுவது இதுவே. இக்குறையில் கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்னே துருத்துகிறது; பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவதும், ஒவ்வாமையால் பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்குவதும் பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். லென்ஸ் பார்வையைத் தெளிவாக்கும். நோய் வளர்வதை அது நிறுத்தாது. அதற்கெனத் தனிச் சிகிச்சை உண்டு.

ஸ்கிளீரல் லென்ஸ்: கருவிழியைத் தொடாமல், கண்ணின் வெண்பகுதியின் மேல் அமர்வது. முற்றிய கெரட்டோகோனஸ், கடும் கண் வறட்சி போன்ற நிலைகளில் மருத்துவர் பரிந்துரைப்பார்.

கண்ணில் தொற்றோ கடும் ஒவ்வாமையோ உள்ளவர்களும், கண்ணீர் மிகக் குறைந்தவர்களும், கட்டுக்குள் வராத நீரிழிவு உள்ளவர்களும் மருத்துவரின் தெளிவான ஒப்புதலின்றி லென்ஸ் அணியலாகாது. நாள்தோறும் கை கழுவி, லென்ஸைத் துலக்கி வைக்கும் பொறுமையோ வசதியோ இல்லாதவர்களும் கண்ணாடியையே தொடர்வது நன்று. தோட்டத்து லயன் வீடுகளில் தங்கி, ஓடையிலிருந்து குழாய் வழியே வரும் நீரை மட்டும் நம்பியிருப்போருக்கும் இது பொருந்தும். பார்வையைத் தருவதில் கண்ணாடி எவ்வகையிலும் குறைந்ததன்று.

பரிசோதனையும் பொருத்துதலும்

கண்ணாடிக்கான சீட்டைக் கொண்டே லென்ஸ் வாங்கிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி அமர்கிறது. லென்ஸோ கண்ணின் மேலேயே அமர்கிறது. இதனால் பவர் மிகும்போது இரண்டும் வேறுபடும். கண்ணாடியில் 5 என்றிருக்கும் கிட்டப்பார்வையின் பவர் லென்ஸில் 4.75 ஆகலாம். பவரோடு, கருவிழியின் வளைவு, விட்டம், கண்ணீரின் அளவு, இமைகளின் நிலை ஆகியவற்றையும் அளக்க வேண்டும். வளைவு பொருந்தாத லென்ஸ் இறுகினால் கண்ணீர் ஓட்டம் தடைபடும்; தளர்ந்தால் கருவிழியை உராயும்.

லென்ஸை அணிவித்துச் சிறிது நேரம் கழித்து, அது எவ்வாறு அசைகிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே மருத்துவர் ஒப்புதல் அளிப்பார். அணியவும் கழற்றவும் கற்றுத் தேறாமல் லென்ஸை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. மருத்துவர் குறிப்பிடும் நாளில் மறு பரிசோதனைக்கு வருவதும், தொந்தரவு இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணைக் காட்டுவதும் இன்றியமையாதவை.

அலங்காரக் கடைகளில் கிடைக்கும் வண்ண லென்ஸ்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். திருமண அலங்காரத்துக்கு ஒருநாள்தானே, பவர் இல்லைதானே என்று அளவு பாராமல் வாங்கி அணிவதும், ஒருவர் அணிந்ததை மற்றவர் அணிவதும் பெருந்தீங்கு தரும். பவர் இல்லாத லென்ஸும் கருவிழியின் மேல்தான் அமர்கிறது. ஆகவே அதற்கும் அளவும் பரிசோதனையும் தேவை.

அணிதலும் கழற்றுதலும்

1. கைகளைச் சோப்பிட்டு நன்கு கழுவி, நூல் பிரியாத தூய துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையாயின் இருமுறை சோப்பிட வேண்டும். மிளகாய், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைத் தொட்ட கைக்கும் இதுவே விதி.

2. எப்போதும் வலக் கண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். இப்பழக்கம் இருந்தால் இரு லென்ஸ்களும் மாறிப் போகா.

3. லென்ஸை விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். விளிம்பு கிண்ணம் போல் நேராக எழுந்திருந்தால் சரியான பக்கம். தட்டின் விளிம்பு போல் வெளியே விரிந்திருந்தால் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியுள்ளது. கிழிசலோ கறையோ இருந்தால் அணியக் கூடாது.

4. மற்றொரு கையின் விரலால் மேலிமையையும், லென்ஸ் ஏந்திய கையின் நடுவிரலால் கீழிமையையும் விலக்கி, லென்ஸை மெல்லக் கண்ணில் வைக்க வேண்டும். பின் இமைகளை மெதுவாக மூடித் திறந்தால் அது தன் இடத்தில் அமரும்.

5. கண்மையும் முகப்பூச்சும் இடுவதற்கு முன்பே லென்ஸை அணிய வேண்டும். அவற்றைக் கலைப்பதற்கு முன்பே லென்ஸைக் கழற்ற வேண்டும். இமையின் உள்விளிம்பில் மை தீட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

6. மென் லென்ஸைக் கழற்றும்போது மேல்நோக்கிப் பார்த்து, லென்ஸை வெண்பகுதிக்கு இறக்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெல்லக் குவித்து எடுக்க வேண்டும். காய்ந்து ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், லென்ஸுக்கேற்ற ஈரச்சொட்டு இரண்டு விட்டுச் சிறிது பொறுக்க வேண்டும்.

துலக்கலும் பேணுதலும்

கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, புதிய கரைசல் விட்டு, மறு கையின் விரலால் இரு பக்கமும் மெல்லத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேவையில்லை என்று புட்டியில் எழுதியிருந்தாலும் தேய்ப்பதே நல்லது. பின் மீண்டும் கரைசலால் அலசி, டப்பாவில் புதிய கரைசலை நிரப்பி, புட்டியில் குறித்த நேரம் ஊற வைக்க வேண்டும்.

காலையில் லென்ஸை எடுத்த பின் டப்பாவில் எஞ்சிய கரைசல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். குறைந்த அளவை மட்டும் நிரப்பிக்கொள்வது 2006இல் பலர் செய்த செயல். அதன் விளைவை மேலே கண்டோம். டப்பாவையும் கரைசலாலேயே அலசி, தூய துணியால் துடைத்து, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை மாற்ற வேண்டும். கரைசல் புட்டியைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதி வைத்தால், குறித்த காலம் கடந்ததும் மீதியைக் கொட்டுவதற்கு நினைவூட்டும். கரைசலை வேறு சிறு புட்டியில் மாற்றி எடுத்துச் செல்லக் கூடாது. வெறும் உப்புநீர்க் கரைசல் லென்ஸை அலச மட்டுமே உதவும், நுண்ணுயிர்களைக் கொல்லாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைப் பயன்படுத்துவோர் அதற்குரிய தனி டப்பாவையே பயன்படுத்தி, குறித்த நேரம் முடிந்த பின்னரே லென்ஸை அணிய வேண்டும். அதை நேராகக் கண்ணில் விட்டால் கடும் எரிச்சலும் காயமும் உண்டாகும்.

ஒரு மாதம் அணியும் லென்ஸ் என்றால், உறையைத் திறந்த நாளிலிருந்து ஒரு மாதம் என்பதே பொருள். அணிந்த நாள்களை மட்டும் எண்ணி மூன்று மாதம் நீட்டிப்பது சிக்கனமன்று. லென்ஸின் விலையோடு கரைசல், டப்பா, மறு பரிசோதனை ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்து, தாங்குமெனில் மட்டும் தொடங்குவது நல்லது.

நீரே முதல் எதிரி

லென்ஸில் எந்த நீரும் படலாகாது. குழாய் நீர், கிணற்று நீர், காய்ச்சிய நீர், கடையில் வாங்கிய குடிநீர் ஆகிய அனைத்துக்கும் இவ்விதி பொருந்தும். எச்சிலால் நனைப்பது அதனினும் தீது. நன்னீரிலும் ஈரமண்ணிலும் அகாந்தமீபா என்னும் ஒரு செல் உயிரி வாழ்கிறது. லென்ஸுடன் ஒட்டிக் கருவிழியை அடைந்தால் அது பொறுக்கவியலா வலியைத் தரும். சிகிச்சை பல மாதங்கள் நீளும். தன்னைச் சுற்றித் தடித்த கூடு கட்டிக்கொண்டு மருந்துக்குத் தப்பி வாழும் ஆற்றலும் அதற்கு உண்டு.

ஆகவே கொட்டக்குடி ஆற்றிலோ, கும்பக்கரை, சுருளி அருவிகளிலோ நீராடும்போதும், கிணற்றில் நீந்தும்போதும் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். சபரிமலைக்கு மாலையிட்டோர் வழியெங்கும் ஆறு குளங்களில் மூழ்கி எழுவர். அப்பயண நாள்களில் கண்ணாடியே துணை. வீட்டில் குளிக்கும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது. எண்ணெய்க் குளியல் நாளில் எண்ணெயும் சீயக்காயும் கண்ணை விட்டு நீங்கி, கண் தெளிந்த பின்னரே அணிய வேண்டும்.

மலையிலும் தோட்டத்திலும்

காய் எடுத்தல், களை எடுத்தல், நிழல் மரங்களைக் கவாத்து செய்தல் ஆகிய வேலைகளின்போது லென்ஸைத் தவிர்த்துக் கண்ணாடி அணிய வேண்டும். கண்ணாடி பார்வை தருவதோடு, இலையும் சுள்ளியும் கண்ணைத் தாக்காமல் தடுக்கும் கேடயமாகவும் அமையும். பார்வைக் குறை இல்லாதவர்களும் இவ்வேலைகளில் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது நன்று.

பூச்சி மருந்து தெளிக்கும் நாளில் லென்ஸ் அறவே கூடாது. மென் லென்ஸ் மருந்தின் ஆவியையும் துளியையும் உறிஞ்சிக் கருவிழியின் மேலேயே நிறுத்தி வைக்கும். மருந்து கண்ணில் தெறித்துவிட்டால் மட்டும் நீர் பற்றிய விதி மாறுகிறது. கைக்கெட்டும் தூய நீரால் அக்கணமே கழுவத் தொடங்கி, கழுவிக்கொண்டே லென்ஸை எடுத்தெறிந்து, குறைந்தது 15 நிமிடங்கள் இடைவிடாது கழுவ வேண்டும். பின் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் வெப்பமும் புகையும் கண்ணீரை வற்றச் செய்யும். லென்ஸும் காய்ந்து இறுகும். காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் இடங்களில் தூசு மிகுதி. ஆனி, ஆடி மாதக் காற்றில் கம்பம் பள்ளத்தாக்கெங்கும் புழுதி பறக்கும். லென்ஸுடன் வண்டி ஓட்டுவோர் பவர் இல்லாத கண்ணாடியையோ, முகத்தை மூடும் தலைக்கவசத்தையோ அணிய வேண்டும். தூசு விழுந்தால் கண்ணைக் கசக்காமல், கை கழுவி லென்ஸைக் கழற்றி, கரைசலால் அலசிப் பின் அணியலாம். உறுத்தல் நீங்காவிடில் அன்று மீண்டும் அணியக் கூடாது.

இவற்றைக் கண்டால் காத்திராதீர்கள்

கண் சிவத்தல், வலி, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், நீர் வடிதல், பார்வை மங்குதல், கருவிழியில் வெண்புள்ளி தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று தென்படினும் லென்ஸை உடனே கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின்னும் தொந்தரவு நீடித்தால் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கரைசல் புட்டியையும் எறியாமல் உடன் கொண்டு வர வேண்டும். எந்த நுண்ணுயிர் என்பதை அறிய அவை உதவும். கண்ணைக் கட்டி மூடக் கூடாது.

மருந்துக் கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி விடுவது பேராபத்து. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பையும் வலியையும் தற்காலிகமாகத் தணிக்கும். ஆனால் பூஞ்சை இருப்பின் அதன் வளர்ச்சிக்கு அது துணைபோகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றை விடுதலும், நாவாலோ துணி முனையாலோ தூசு எடுத்தலும் புண்ணை முற்றச் செய்யும்.

விரைவு எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூர் ஒரு சான்று. கருவிழியில் கீறல் பட்ட கிராம மக்களுக்கு, ஊரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் நுண்ணுயிர் எதிர்ப்புக் களிம்பு இட்டு வந்தனர். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற எவருக்கும் புண் உண்டாகவில்லை என்று 2001இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. அக்களிம்பையே எல்லாரும் வாங்கி இட்டுக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருளன்று. லென்ஸ் அணிவோருக்கு வேறு வகை நுண்ணுயிர்கள் தாக்கக்கூடுமாதலால் மருந்தை மருத்துவரே தேர வேண்டும். போடியிலிருந்து தேனி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1985 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையும் அப்பகுதியில் உள்ளன. மலைமேல் தங்கியிருப்போர் வாரச் சம்பள நாள் வரையோ, வண்டி கீழே இறங்கும் நாள் வரையோ காத்திருத்தல் கூடாது.

குடும்பத்தினர் கேட்கும் ஐயங்கள்

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் சென்றுவிடுமா?
செல்லாது. இமையின் உட்புறச் சவ்வு மடிந்து கண்ணின் வெண்பகுதியோடு இணைந்திருப்பதால் பின்னால் செல்ல வழியில்லை. மேலிமையின் கீழ் ஒதுங்கியிருந்தால் மருத்துவர் எளிதில் எடுத்துவிடுவார்.

பேருந்திலோ ரயிலிலோ அயர்ந்து உறங்கிவிட்டால்?
விழித்ததும் ஈரச்சொட்டு விட்டு, லென்ஸ் நன்கு அசையத் தொடங்கியபின் கழற்ற வேண்டும். அன்று முழுதும் கண்ணாடி அணிய வேண்டும். சிவப்போ வலியோ இருந்தால் மருத்துவரிடம் வர வேண்டும்.

லென்ஸ் அணிபவருக்குக் கண்ணாடி எதற்கு?
கண்ணில் தொந்தரவு வந்த நாளில் மாற்றுக் கண்ணாடி இல்லாதவர்கள், வேலை கெடுமே என்று வலியோடும் லென்ஸை அணிகின்றனர். சரியான பவருள்ள கண்ணாடி எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

பெண்ணுக்குத் திருமணம் வரை மட்டும் லென்ஸ் அணிவிக்கலாமா?
அணிபவர் தாமே விரும்பி, தாமே பேணக் கற்றிருந்தால் அணியலாம். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் முதன்முறையாக அணிவது கூடாது. குறைந்தது சில வாரங்களுக்கு முன்பே பொருத்திப் பழக வேண்டும். வேள்விப் புகையின் முன் நெடுநேரம் அமர நேரிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடி அணியும் பெண் என்பதை மணமகன் வீட்டாரிடம் மறைப்பதற்காக லென்ஸ் அணிவித்தால், கண் சிவந்த நாளிலும் அப்பெண் அதைக் கழற்றத் துணிய மாட்டாள். அவ்வச்சமே புண்ணுக்கு இடமளிக்கும்.

வீட்டில் ஒருவர் லென்ஸ் அணிகிறார் எனில், கைகழுவும் இடத்தில் சோப்பும் தூய துணியும் இருக்கச் செய்வதும், இரவில் உறங்குமுன் கழற்றியாயிற்றா என்று ஒரு சொல் கேட்பதும், கண் சிவந்தால் அன்றே அழைத்துச் செல்வதும் குடும்பத்தார் செய்யக்கூடிய உதவிகள். பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடி மாட்டும் இடத்தருகே ஒட்டி வைக்க விரும்புவோருக்கு நான்கு வரிகள் போதும்: நீர் படலாகாது, லென்ஸுடன் உறங்கலாகாது, பழைய கரைசல் ஆகாது, சிவந்தால் கழற்றி, அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.